வீட்டுத் தோட்டத்தில் யூகலிப்டஸ்: அறிகுறி பார்த்துக் காரணம் காணும் வழி

மழை ஓய்ந்த கையோடு தைலமரத்தடியில் நின்றவர்களுக்குத் தெரியும், இதை வீட்டில் வளர்க்க ஏன் ஆசை வருகிறது என்று. இலையைக் கசக்கக்கூட வேண்டாம், காற்றே மணக்கும். அதே மரம் மூன்று நான்கு ஆண்டில் கூரையைத் தாண்டி, ஒரு காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து, தன் அடியில் புல்லைக்கூட விடாமல் செய்து, ஏன் நட்டோம் என்று யோசிக்கவும் வைக்கும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். இந்த மரத்தை விரும்பி வளர்த்திருக்கிறேன், மனமில்லாமல் வெட்டியும் இருக்கிறேன்.

வந்த தொல்லைகளைத் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலானவை நட்ட நாளிலேயே தொடங்கியவை. மிச்சம், நட்ட பிறகு காட்டிய அளவுக்கு மீறிய செல்லத்தால் வந்தவை. கொழுத்த எரு, நாள் தவறாத தண்ணீர், இறுக்கிக் கட்டிய கம்பு என்று மற்றக் கன்றுகளுக்குச் செய்யும் உபசாரம் இதற்கு ஆகாது. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் மரத்தில் தெரிவதைத் தேடிப் படித்தால் போதும். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில், உங்கள் மரம் எந்த இனம்?

யூகலிப்டஸ் என்பது ஒரே மரம் இல்லை. 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, அநேகமாக எல்லாமே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. புதர் போல நிற்பவையும் உண்டு. உலகிலேயே மிக உயரமான பூக்கும் மரமும் இதில்தான் இருக்கிறது. டாஸ்மேனியாவில் நிற்கும் யூகலிப்டஸ் ரெக்னன்ஸ் ஒன்று சுமார் 100 மீட்டர். கன்று விற்பவர் "யூகலிப்டஸ்" என்று மட்டும் சொன்னால், அது பத்து மீட்டரில் நிற்குமா ஐம்பது மீட்டர் போகுமா என்பது உங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு தகவல் இல்லாமல் நடுவதுதான் பின்னால் வரும் பாதித் தலைவலிக்கு வேர்.

அடையாளம் காணச் சில குறிப்புகள். இலையைக் கசக்கினால் தைல வாசனைக்குப் பதிலாகப் பளிச்சென்று எலுமிச்சை மணம் வந்தால் அது சிட்ரியோடோரா. 1995-இல் தாவரவியலார் அதைக் கோரிம்பியா என்ற தனிப் பேரினத்திற்கு மாற்றிவிட்டார்கள், வளர்ப்பவருக்கு அதனால் எந்த வித்தியாசமும் இல்லை. உயரமான மரம்தான். இளம் கன்றின் தண்டு நாற்சதுரமாக, இலைகள் காம்பே இல்லாமல் எதிரெதிராக, நீலச்சாம்பல் பூத்து இருந்தால் பெரும்பாலும் குளோபுலஸ். தைலத்திற்குப் பேர் போனது, ஆனால் வீட்டுக்குப் பெரிது. பூங்கொத்துகளில் வரும் வட்ட வட்ட வெள்ளி இலைகள் சினேரியா அல்லது பல்வெருலென்டா. பல்வெருலென்டா பத்து மீட்டருக்குள் அடங்கும் என்பதால் சிறு தோட்டத்திற்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். உறைபனி விழும் இடங்களில் குன்னி தாங்கும். வெட்டாமல் விட்டால் அதுவும் 20 மீட்டரைத் தாண்டும். ஆற்றங்கரை இனமான கமால்டுலென்சிஸ் வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்கும், ஆனால் அதைப் பற்றிக் கீழே ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

வானவில் பட்டைப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்கு: அது டெக்ளுப்டா. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்ததில்லை, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, பப்புவா நியூகினி மழைக்காடுகளின் மரம். ஈரமும் வெப்பமும் ஆண்டு முழுவதும் வேண்டும், 60 மீட்டர் வரை போகும். வறண்ட இடத்தில் நட்டால் படத்தில் பார்த்த நிறம் வராது.

மரம் காற்றில் சாய்கிறது, அடியில் ஆடுகிறது

எல்லாவற்றிலும் அதிகம் வரும் புகார் இதுதான். கன்று இரண்டே ஆண்டில் மூன்று நான்கு மீட்டர் போயிருக்கும், தழை கனத்திருக்கும், தண்டு விரல் பருமன்தான் இருக்கும். ஒரு காற்று மழைக்கு மறுநாள் காலையில் பார்த்தால் சாய்ந்து கிடக்கும்.

முதலில் எது ஆடுகிறது என்று பாருங்கள். தண்டை இடுப்பளவு உயரத்தில் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். தண்டு மட்டும் வளைந்து, தரையை ஒட்டிய பகுதி அசையாமல் இருந்தால் வேர் நன்றாக இருக்கிறது, தலைக்கனம்தான் கோளாறு. தண்டோடு சேர்ந்து மண்ணும் அசைந்து, அடியில் புனல் போல ஒரு குழி விழுந்திருந்தால் வேரில் கோளாறு. அந்தக் குழியில் கைவிட்டு மண்ணை மெதுவாக விலக்கிப் பாருங்கள். வேர்கள் நாலா பக்கமும் ஓடாமல் கயிறு சுற்றியது போல ஒன்றையொன்று சுற்றியிருக்கும். கன்று பையிலோ தொட்டியிலோ அதிக நாள் இருந்ததன் அடையாளம் அது. யூகலிப்டஸ் வேர் தொட்டிச் சுவரைத் தொட்டதும் வளைந்துவிடும். ஒருமுறை வளைந்து தடித்த வேர் மண்ணுக்குப் போன பிறகும் நேராகாது. மரம் வளர வளர அந்தச் சுருளே அதன் கழுத்தை நெரிக்கும்.

தலைக்கனம் மட்டும்தான் என்றால் தீர்வு எளிது. குளிர்காலம் முடிந்து கொழுந்து விடும் முன்பு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். ஊன்றுகோல் இருந்தால் தளர்த்துங்கள். கம்போடு இறுக்கிக் கட்டிய தண்டு ஆடாது, ஆடாத தண்டு தடிக்காது. கட்டாயம் கம்பு வேண்டும் என்றால் தண்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அகலமான துணிப்பட்டையால், கொஞ்சம் ஆட இடம் விட்டுக் கட்டுங்கள். ஓர் ஆண்டுக்குள் எடுத்துவிடுங்கள். நைட்ரஜன் உரம் போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

சுருண்ட வேர் என்றால், கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்: எடுத்துவிட்டுப் புதிதாக நடுங்கள். முட்டுக் கொடுத்து, கம்பி கட்டி நிமிர்த்திய மரம் நான்கைந்து ஆண்டு கழித்துப் பெரிதான பிறகு விழும். அப்போது விழும் இடத்தில் என்ன இருக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது. நான் ஒரு மரத்தை அப்படி மூன்று கம்பியில் இரண்டு ஆண்டு நிறுத்தி வைத்திருந்தேன். பிறகு தோண்டி எடுத்தபோது தொட்டியின் வடிவம் அப்படியே வேரில் இருந்தது.

புதிதாக நடும்போது ஒரு சாண் உயரக் கன்றை எடுங்கள். கடையில் இரண்டு மீட்டர் கன்று பக்கத்திலேயே நிற்கும், அதைத் தொடாதீர்கள். விதைத்து ஆறு மாதத்திற்குள் இருக்கும் சிறு கன்று இரண்டு மூன்று ஆண்டில் அந்தப் பெரியதைத் தாண்டிவிடும், நிலையாகவும் நிற்கும். பையைக் கழற்றியதும் அடியில் வளைந்த வேர் தெரிந்தால் கூரான கத்தியால் அதை வெட்டிவிட்டு நடுங்கள். குழியில் தொழுவுரம் நிறைக்க வேண்டாம். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். கொழுத்த குழிக்குள் வேர் சுகமாக உட்கார்ந்துகொள்ளும், வெளி மண்ணைத் தேடிப் போகாது. சுற்றிலும் ஒரு மீட்டருக்குப் புல் இல்லாமல் மூடாக்கு இடுங்கள், தண்டைத் தொடாமல். முதல் ஆண்டில் தினம் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட வாரம் ஒருமுறை நன்றாக இறங்க ஊற்றுவது மேல். மண் ஆழத்தில் ஈரம் இருந்தால்தான் வேர் ஆழத்திற்குப் போகும். ஓர் ஆண்டு கழிந்ததும் மழை அறவே பொய்த்த காலம் தவிரத் தண்ணீரை மறந்துவிடலாம்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது.

கிளையின் உட்பக்கத்து முதிர்ந்த இலைகள் மட்டும் மஞ்சளாகி, சிவந்து உதிர்ந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். பசுமை மாறா மரம் என்றாலும் பழைய இலை உதிரத்தான் செய்யும். கோடையின் தொடக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே உதிரும்.

நுனிக் கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் அது வேருக்குக் கிடைக்காத நிலையில் இருக்கிறது. சுவரை ஒட்டி, சிமெண்ட் இடிபாடு புதைந்த இடத்தில் நட்ட மரங்களிலும் இதைப் பார்க்கலாம். கார மண்ணிலும் வேருக்குக் கிடைக்கும்படி செய்த கீலேட் வடிவ இரும்பை மண்ணில் இட்டால் சில வாரத்தில் புதுக் கொழுந்து பச்சையாக வரும். ஆனால் மண் மாறாதவரை ஆண்டுதோறும் இட வேண்டியிருக்கும். கந்தகத் தூள் மெல்ல மெல்லக் காரத்தைக் குறைக்கும், கனத்த சுண்ணாம்பு மண்ணில் அதுவும் போதாது. அங்கே வேறு மரம் வைப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

இலை மொத்தமும் மங்கலாகி, தண்ணீர் இல்லாதது போலத் தொங்கி, ஆனால் மண் ஈரமாக இருந்தால், உடனே தண்ணீரை நிறுத்துங்கள். வாடலைப் பார்த்து மேலும் ஊற்றுவதுதான் இங்கே மரத்தைக் கொல்வது. நீர் தேங்கிய மண்ணில் வேர் மூச்சுத் திணறும். பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி அந்த ஈரத்தில்தான் பரவும். ஓரத்தில் ஒரு சல்லி வேரைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக, உறுதியாக இருந்தால் தப்பிக்கும். பழுப்பாகி, தோல் உருவிக்கொண்டு வந்தால் காப்பாற்றுவது அரிது. வடிகால் வெட்டி, மூடாக்கை விலக்கி, காய விட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் தோண்டிய மண்வெட்டியைக் கழுவாமல் வேறு மரத்தடிக்குக் கொண்டு போகாதீர்கள்.

தொட்டியில் இருந்தது திடீரென்று மொடமொடவென்று காய்ந்துவிட்டது

தொட்டி யூகலிப்டஸ் வாடிக் காட்டாது. தோல் போன்ற இலை என்பதால், நமக்குத் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். ஒருமுறை வேர் முழுக்கக் காய்ந்தால் பெரும்பாலும் திரும்பாது. தண்டைக் கீறிப் பச்சை தெரிந்தால் பத்து சென்டிமீட்டர் விட்டு மேலே வெட்டிவிட்டு, ஈரமாக வைத்து ஒரு மாதம் காத்திருங்கள். அடியிலிருந்து துளிர்க்கலாம். தரையில் தண்ணீரைக் குறை என்று சொன்ன நானே தொட்டிக்குத் தினமும் ஊற்று என்கிறேன். முரண் மாதிரி இருக்கும், ஆனால் தொட்டிக்குள் தேடிப்போக வேறு ஈரம் இல்லையே.

இலையின் மேல் சாம்பல் பூத்திருக்கிறது

துடைத்துவிடாதீர்கள். இளம் இலையின் மேல் இருக்கும் நீலச்சாம்பல் பூச்சு பெரும்பாலும் மரமே சுரக்கும் மெழுகு. அது நோய் என்று எண்ணிச் சோப்புத் தண்ணீரால் கழுவுகிறவர்கள் உண்டு, வேப்பெண்ணெய் தெளிக்கிறவர்களும் உண்டு. எண்ணெய் பட்ட இடத்தில் மெழுகு போய் இலை அழுக்குப் பச்சையாகிவிடும், அந்த இலையில் அந்த நிறம் திரும்பாது.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மெழுகு இலை முழுக்க ஒரே சீராக, இரண்டு பக்கமும், தண்டிலும்கூட இருக்கும். இலை விறைப்பாக இருக்கும். சாம்பல் நோய் திட்டுத் திட்டாகத் தொடங்கும், கொழுந்து சுருண்டு கோணலாகும். காற்றில்லாத நிழலில் நெருக்கி வைத்த நாற்றுகளில்தான் அது வரும். இடைவெளி விட்டு வெயிலில் வைத்தாலே பாதி குறையும். குருத்தில் சாம்பலுக்குப் பதில் மஞ்சள் நிறப் பொடி பூத்திருந்தால் அது வேறு சங்கதி, துருநோய். யூகலிப்டஸின் குடும்பத்தைச் சேர்ந்த கொய்யா, நாவல் வகை மரங்களுக்கும் பரவக்கூடியது. பாதித்த குருத்தைப் பையில் போட்டுக் கட்டி அகற்றுங்கள். வேளாண் துறையினரிடம் காட்டுங்கள்.

இலை நரம்பிலும் காம்பிலும் வீக்கம்

இரண்டு வகை வீக்கம் உண்டு. இலையின் அடிப்பக்கம் முழுக்கத் தக்கை போலச் சொரசொரப்பான சிறு புடைப்புகள் என்றால், வேர் உறிஞ்சிய நீரை இலை வெளியேற்ற முடியாமல் செல்கள் உப்பி வெடித்ததன் தழும்பு. மூடிய அறையிலோ பசுமைக்குடிலிலோ இருக்கும் கன்றுகளில் பார்க்கலாம். பூச்சியும் இல்லை, கிருமியும் இல்லை. காற்றோட்டம் கொடுத்துத் தண்ணீரைக் குறைத்தால் புது இலை வழுவழுப்பாக வரும்.

நடுநரம்பிலும் காம்பிலும் இளந்தண்டிலும் மணி மணியாக முடிச்சு, பச்சையாகத் தொடங்கிப் பளபளக்கும் இளஞ்சிவப்பாகிப் பிறகு பழுப்பாகி, அதில் ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால் அது லெப்டோசைபி குளவி, இளந்தழைக்குள் முட்டையிட்டு இந்த முடிச்சுகளை உண்டாக்குவது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம்தான் இருக்கும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் மத்தியதரைக் கடல் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டு, 2004-இல் பெயர் பெற்று, இன்று யூகலிப்டஸ் வளரும் பெரும்பாலான கண்டங்களில் இருக்கிறது. புழு முடிச்சுக்குள் பத்திரமாக இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. அந்த மருந்து, முடிச்சுக்குள் இருக்கும் புழுவைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவிகளைத்தான் கொல்லும். சிறு மரமாக இருந்தால், ஓட்டை விழும் முன்பே முடிச்சுள்ள நுனிகளை வெட்டி எரித்துவிடுங்கள். பெரிய மரம் தாங்கிக்கொள்ளும். இளம் கன்றில் ஆண்டுதோறும் குருத்து முழுக்க முடிச்சாகி வளர்ச்சி நின்றால் இனத்தை மாற்றுங்கள். கமால்டுலென்சிஸ், டெரட்டிகார்னிஸ் என்ற இரண்டு இனங்களும் இதற்கு எளிதில் ஆட்படுபவை.

இலையில் வெள்ளைச் சர்க்கரைத் துளிகள், கீழே பிசுபிசுப்பு

கூம்பு வடிவில், தித்திப்பான வெள்ளை ஓடுகள். ஓட்டை நகத்தால் தூக்கினால் உள்ளே அசுவினி போன்ற சிறு பூச்சி உட்கார்ந்து சாறு குடித்துக்கொண்டிருக்கும். கீழே வடியும் தேன் கழிவில் எறும்பு மொய்க்கும், கரும்பூஞ்சை படியும். இதற்கும் நைட்ரஜன் உரத்தை நிறுத்துவதுதான் முதல் மருந்து, ஏனென்றால் கொழுத்த இளம் கொழுந்தைத்தான் அது தேடும். கோடையில் மாதம் ஒருமுறை மரத்தின் நிழல் விழும் வட்டத்திற்கு ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். எட்டும் உயரத்தில் இருந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம்.

வட்ட இலை போய் நீள இலை வந்துவிட்டது

கன்று மாறிவிட்டதோ என்று பலர் பதறுவது இதைப் பார்த்துத்தான். பதற வேண்டாம். பல யூகலிப்டஸ் இனங்கள் இளமையில் ஓர் இலையும் முதுமையில் வேறோர் இலையும் விடுபவை. இளமையில் வட்டமாக, வெள்ளியாக, எதிரெதிராக. வளர்ந்ததும் அரிவாள் போல நீண்டு, பச்சையாகி, செங்குத்தாகத் தொங்கும். அப்படித் தொங்குவதால் உச்சி வெயில் இலையின் விளிம்பில்தான் படும். யூகலிப்டஸ் நிழல் எப்போதும் சல்லடை நிழலாக இருப்பது இதனால்தான்.

வெள்ளி இலைக்காக நட்டவர்கள் மரத்தை இளமையிலேயே வைத்திருக்க ஒரு வழி உண்டு. இந்த மரத்தை வீட்டில் வளர்ப்பதன் முழு இன்பமும் எனக்கு அதில்தான் இருக்கிறது: வெட்டுவது. பெரும்பாலான யூகலிப்டஸ் இனங்களுக்குத் தூரில், மண்ணை ஒட்டி, ஒரு கிழங்கு போன்ற கட்டி உண்டு. தீயில் மேல்மரம் எரிந்து போனாலும் அதிலிருந்து துளிர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நாம் வெட்டுவதும் மரத்திற்கு இன்னொரு தீதான். ரெக்னன்ஸ் போன்ற சில இனங்களுக்கு இந்தக் கிழங்கு கிடையாது. அவற்றை வெட்டினால் போய்விடும்.

கன்று நட்டு இரண்டு மூன்று ஆண்டு ஆகட்டும், தூர் உறுதிப்படட்டும். குளிர் குறைந்து வளர்ச்சி தொடங்கும் முன்பு, தரையிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் விட்டுக் கூரான ரம்பத்தால் வெட்டுங்கள். சில வாரம் மொட்டைக் கட்டையாக நிற்கும். பார்க்க வேதனையாக இருக்கும். உரம் போட்டுத் தேற்ற வேண்டாம். பிறகு பட்டைக்குள்ளிருந்து பத்து இருபது மறுதாம்புகள் வெடித்துக் கிளம்பும், அத்தனையும் வெள்ளி இலையோடு. வலுவான நான்கைந்தை விட்டு மற்றதைக் கையால் உருவிவிடுங்கள். ஆண்டுதோறும் அல்லது ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு இதையே செய்தால் மரம் ஆளுயரப் புதராகவே நிற்கும். சாயாது, கூரையைத் தொடாது, கிளை முறிந்து தலையில் விழாது. குன்னி, சினேரியா, பல்வெருலென்டா மூன்றும் இதற்கு நன்றாக ஒத்துழைக்கும்.

வெட்டிய கிளைகளும் வீணில்லை. முற்றிய இலைக் கிளைகளின் அடியை நசுக்கி, ஒரு பங்கு கிளிசரினும் இரண்டு பங்கு வெந்நீரும் கலந்த ஜாடியில் இரண்டு மூன்று வாரம் நிறுத்தினால், இலை நிறம் மாறி, காயாமல் மிருதுவாகவே ஆண்டுக் கணக்கில் இருக்கும். ஒன்று மட்டும்: இலையிலிருந்து வீட்டிலேயே எண்ணெய் எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். யூகலிப்டஸ் எண்ணெயில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு உயிராபத்து. நாய்க்கும் பூனைக்கும் இலையும் நஞ்சுதான்.

பட்டை உரிகிறது, சிவப்பாக ஏதோ வடிகிறது

பட்டை நீளநீளமாக உரிந்து, உள்ளே வழுவழுப்பான வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை தெரிந்தால், ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். நோய் இல்லை. வழுவழுப்புப் பட்டை இனங்கள் ஆண்டுதோறும் மேல்தோலைக் கழற்றிவிடும். மழையில் நனைந்த புதுப்பட்டையின் நிறத்தை வேறு எந்த மரத்திலும் நான் பார்த்ததில்லை.

சிவப்புப் பிசின் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. மரம் காயத்தை அடைக்கச் சுரப்பது அது. கிளை ஒடிந்த இடத்தில், கம்பி உரசிய இடத்தில் வடிந்தால் கவலையில்லை. காரணம் தெரியாமல் தண்டில் பல இடத்தில் வடிந்து, கூடவே முட்டை வடிவ ஓட்டைகளும், பட்டைக்கடியில் மரத்தூள் அடைத்த சுரங்கங்களும் இருந்தால் அது போராகாந்தா வண்டின் புழு. தாகத்தில் இருக்கும் மரத்தையே இந்த வண்டு வெல்லும். ஈரம் போதிய மரத்தில் புழு பட்டைக்குள் நுழைந்ததும் பிசினில் மூழ்கிச் சாகும். எனவே நீண்ட வறட்சியில் மாதம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். கிளை கழிப்பதைக் கோடையில் செய்யாதீர்கள், வெட்டுப்பட்ட மரத்தின் வாசனைக்கே வண்டு வரும். வெட்டிய கட்டைகளை மரத்தடியில் அடுக்கி வைக்காதீர்கள். பட்டைச் சுற்றளவில் பாதிக்கு மேல் சுரங்கமாகிவிட்டால் மரத்தை எடுத்துவிடுவதே பாதுகாப்பு.

மரத்தடியில் எதுவும் முளைக்கவில்லை

இலையில் உள்ள எண்ணெயும் பீனால் பொருள்களும் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழி முழுவதையும் அதன் மேல் போடுவது சரியில்லை. தண்ணீரை முதலில் பாருங்கள். யூகலிப்டஸின் சல்லி வேர்கள் பெரும்பாலும் மேல் அரை மீட்டர் மண்ணில்தான் இருக்கும். கிளை விரிவைத் தாண்டியும் ஓடும். ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் காரணம் தாகம். அடுத்து, காய்ந்த மேல்மண்ணில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். உள்ளே இறங்காமல் முத்துப் போல உருண்டு நின்றால், சருகின் மெழுகு படிந்து மண்ணே நீரைத் தள்ளுகிறது. அப்படிப்பட்ட மண்ணில் மழை பெய்தாலும் ஓடிவிடும். சருகை வாரி எடுத்து, மேல்மண்ணைக் கைக்கொத்தால் லேசாகக் கிளறி, மக்கிய எருவை ஒரு விரல் கனத்திற்குப் பரப்பி, பூவாளியால் மெதுவாக நனைத்தால் சில வாரத்தில் நீர் இறங்கத் தொடங்கும்.

வாரிய சருகைப் பச்சையாகக் காய்கறிப் பாத்திக்கு மூடாக்காக இடாதீர்கள். மற்றத் தழைகளோடு கலந்து குவித்து ஆறு மாதமாவது மக்கவிட்டால் அந்தத் தடுக்கும் பொருள்கள் சிதைந்துவிடும். காய்கறிப் பாத்தியே மரத்திலிருந்து தள்ளி இருப்பது இன்னும் நல்லது. கீரைக்கும் தைலமரத்திற்கும் ஒரே வாளித் தண்ணீரில் பங்கு போட முடியாது.

காற்றில்லாத மதியத்தில் பெரிய கிளை விழுந்தது

மேலே சொன்ன எச்சரிக்கை இதுதான். முதிர்ந்த கமால்டுலென்சிஸ் போன்ற பெரிய இனங்கள், வெயில் கொளுத்தும் அசைவற்ற நாளில், பார்வைக்கு நன்றாக இருந்த கிளையையே சட்டென்று உதிர்ப்பதற்குப் பேர் போனவை. முன்னறிவிப்பு இல்லை. அதனால் இந்த மரத்தடியில் ஊஞ்சல், பெஞ்சு, வண்டி நிறுத்தம், குழந்தைகள் விளையாடும் மணல் மேடு எதுவும் வேண்டாம். ஒருமுறை கிளை உதிர்த்த மரத்தை, பெரிய மரம் ஏறி வேலை செய்யப் பழகியவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சியை மொட்டையாக வெட்டிவிடுவது தீர்வில்லை. வெட்டிய இடத்தில் கிளம்பும் கிளைகள் பட்டைக்கடியிலிருந்து மேலோட்டமாக முளைப்பவை. பருத்ததும் அவைதான் முதலில் பிய்யும்.

தீயையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் நிறைந்த இலை, தொங்கும் காய்ந்த பட்டை, அடியில் சேரும் சருகு மூன்றும் சேர்ந்தால் தீக்கு ஏணி வைத்தது போல. 1991-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து குன்றுகளில் 25 உயிர்களைக் கொண்டுபோன தீக்கு எரிபொருளானவற்றில் யூகலிப்டஸும் இருந்தது. கோடை வறண்டு காட்டுத்தீ வரும் பகுதியில் வீட்டை ஒட்டி இதை நடவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஏற்கெனவே நின்றால் கூரையிலும் நீர்த்தாரையிலும் சருகு தங்க விடாதீர்கள், தொங்கும் பட்டையை இழுத்து அகற்றுங்கள், தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குக் கீழ் கிளையே இல்லாமல் கழித்துவிடுங்கள்.

சுவரில் விரிசல், கழிவுக் குழாயில் வேர்

வேர் நல்ல குழாயை உடைத்து நுழையாது. கசியும் இணைப்பைத் தேடி வந்து, நூல் போல நுழைந்து, உள்ளே பருக்கும். ஆகவே குழாயைச் சரிசெய்யாமல் வேரை மட்டும் வெட்டினால் திரும்ப வரும். சுவர் விரிசலுக்கு மண்ணைப் பாருங்கள். களிமண்ணாக இருந்து, கோடையில் விரிந்து மழையில் மூடிக்கொள்ளும் விரிசலாக இருந்தால், மரம் ஈரத்தை உறிஞ்ச மண் சுருங்குகிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது அவசரப்பட்டு மரத்தை ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள். உறிஞ்ச ஆளில்லாமல் களிமண் மீண்டும் உப்பி, சுவரைத் தூக்கிவிடுவதும் உண்டு. கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். புதிதாக நடுகிறவர்கள், மரம் எவ்வளவு உயரம் போகுமோ குறைந்தது அவ்வளவு தூரம் சுவரை விட்டுத் தள்ளி நடுங்கள். அந்த இடம் இல்லையென்றால் மேலே சொன்னபடி வெட்டி வெட்டிப் புதராக வளர்க்கும் இனம் மட்டும்.

பூக்கவே இல்லை

மொட்டுக்கு மூடி போட்ட மரம் இது. யூகலிப்டஸ் என்ற கிரேக்கப் பெயரே "நன்றாக மூடியது" என்பதைத்தான் சொல்கிறது. மூடி கழன்று விழுந்ததும் இதழே இல்லாத மகரந்தக் குஞ்சம் விரியும்; அன்று காலையே தேனீ வந்துவிடும். ஆனால் முதிர்ந்த இலை விடும் வயதுக்கு வந்த பிறகுதான் பல இனங்கள் பூக்கும். ஆண்டுதோறும் வெட்டி இளமையில் வைத்திருக்கும் மரத்தில் பூவை எதிர்பார்க்க முடியாது. இடமிருந்தால் ஒரு தூரில் ஒரே ஒரு தண்டை மட்டும் சில ஆண்டு வெட்டாமல் விட்டுப் பார்க்கலாம்.

வெட்டி எடுத்தும் திரும்பத் திரும்பத் துளிர்க்கிறது

வேண்டாம் என்று முடிவு செய்த மரத்திலும் அந்தத் தூர்க் கிழங்கு தன் வேலையைச் செய்யும். மருந்தில்லாமல் செய்வதானால், தரை மட்டத்திற்கு வெட்டிவிட்டு, வரும் துளிர்களை ஒரு சாண் நீளத்தைத் தாண்ட விடாமல் உடனுக்குடன் ஒடித்துக்கொண்டே இருங்கள். இலை உணவு தயாரித்துக் கிழங்குக்கு அனுப்பும் முன்பே ஒடித்துவிட வேண்டும். இரண்டு மாதம் மறந்தால் செய்த வேலை வீண். பெரிய தூருக்கு இரண்டு மூன்று ஆண்டுகூட ஆகலாம். களைக்கொல்லி பயன்படுத்துவதானால், வெட்டிய சில நிமிடங்களுக்குள் வெட்டுப்பரப்பின் விளிம்பில், பட்டையை ஒட்டிய வளையத்தில் மட்டும் தூரிகையால் தடவுங்கள். காய்ந்த வெட்டில் உள்ளே இறங்காது. பக்கத்தில் இன்னொரு யூகலிப்டஸைக் காப்பாற்ற நினைத்தால் மருந்தைத் தவிருங்கள், இரண்டின் வேர்களும் மண்ணுக்குள் இணைந்திருக்கலாம். பெரிய வேர்கள் மக்கும்போது தரை ஆங்காங்கே உள்வாங்கும், அந்தப் பள்ளங்களை அவ்வப்போது மண்ணிட்டு நிரப்பி வாருங்கள்.